பிள்ளைகளுக்குப் பாட்டுத் தந்த கவிமணி

சென்ற ஆண்டு பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாய் என்னிடம் வந்தார். முதல் வகுப்பில் படிக்கும் தம் மகளுக்கு இரவில் வாசித்துக் காட்ட ஒரு நல்ல புத்தகத்தின் பெயரைச் சொல்லும்படி கேட்டார். கடையில் வாங்கிய வண்ணப் படப் புத்தகங்கள் இரண்டே நாளில் பிள்ளைக்குச் சலித்துப் போகின்றன என்றும், தமக்கு அதிகப் படிப்பில்லாததால் கடினமான தமிழ் வாயில் நுழைவதில்லை என்றும் சற்றுக் கூச்சத்தோடு சொன்னார். எனக்கோ அந்த நேரத்தில் தகுந்த விடை தோன்றவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலை முதல் வகுப்பின் வராந்தா வழியே நடந்து போனேன். உள்ளே நாற்பது சின்னஞ்சிறு குரல்கள் ஒன்றாக ஒலித்தன. தோட்டத்தில் மேயும் வெள்ளைப் பசுவும், அதனருகே துள்ளிக் குதிக்கும் கன்றுக்குட்டியும் அந்தப் பாட்டில் வந்தன. நான் படித்த பாட்டு. என் தாயாரும் படித்த பாட்டு! நான் தேடிய விடை அந்த வகுப்பறையில்தான் இருந்தது.

அன்று மாலையே எட்டாம் வகுப்பு மாணவிகளிடம் அந்தப் பாட்டு தெரியுமா என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அதைப் பாடியவர் யார் என்று கேட்டேன். இரண்டே கைகள் உயர்ந்தன. மாணவச் செல்வங்களே, பாட்டை நாம் அறிவோம். பாடியவரை அறிய வேண்டாமா? அவர் வாழ்க்கையை உங்களுக்கும், அந்தத் தாயைப் போன்ற பெற்றோருக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தந்தையை இழந்த சிறுவன்

அவர் பெயர் தேசிக விநாயகம் பிள்ளை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள தேரூரில் 1876ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சிவதாணுப் பிள்ளை. தாயார் ஆதிலட்சுமி அம்மையார். தேரூர்க் குளம் பறவைகளுக்குப் பேர் போனது. வயலும் குளமும் பறவையும் பசுவும் சூழ்ந்த அந்த ஊரின் காட்சிகளே பின்னாளில் அவருடைய பாடல்களில் புகுந்தன.

ஆனால் இளமை இனிமையாக அமையவில்லை. ஒன்பது வயதிலேயே தந்தையை இழந்தார். அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பள்ளியில் மலையாளமே கற்பித்தார்கள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கப் பள்ளியில் இடமில்லை! ஆயினும் தாய்மொழி மீது கொண்ட ஆசை அவரை விடவில்லை. திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சாந்தலிங்கத் தம்பிரான் என்ற துறவி தேரூரில் இருந்தார். பள்ளி நேரம் போக எஞ்சிய வேளையில் அவரிடம் சென்று சிறுவன் தமிழ் கற்றான். தம்பிரானும் அந்தப் பிள்ளையின் ஆர்வத்தைக் கண்டு இலக்கண இலக்கியங்களைச் சொல்லித் தந்து, செய்யுள் இயற்றவும் பழக்கினார். ஓர் ஆசிரியர் ஒரு மாணவனுக்காகச் செலவிட்ட அந்த மாலை நேரங்களின் பயனைத் தமிழ்நாடு இன்றும் அனுபவித்து வருகிறது.

முப்பத்தாறு ஆண்டு ஆசிரியப் பணி

படிப்பு முடிந்து அவரும் ஆசிரியரானார். கோட்டாற்றில் தொடக்கப் பள்ளியிலும், நாகர்கோவிலில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் பணிபுரிந்தபின், திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியிலும் கற்பித்தார். இப்படி முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையிலேயே கழிந்தன. 1931ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். சின்னப் பிள்ளைகள் எதைக் கேட்டால் முகம் மலர்வார்கள், எந்தச் சொல் அவர்கள் நாவில் எளிதாக உருளும், எந்த இடத்தில் அவர்கள் கவனம் சிதறும் என்பதையெல்லாம் அவர் கற்றுக்கொண்டது வகுப்பறையில்தான்.

1901ஆம் ஆண்டு உமையம்மை என்ற பெண்மணியை மணந்தார். மனைவியின் ஊராகிய புத்தேரியிலேயே பிற்காலத்தில் வாழ்ந்தார். இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவரும் பாடும் பாட்டைத் தந்த இந்தத் தம்பதியருக்குக் குழந்தைப் பேறு வாய்க்கவில்லை! மழலை கேட்கும் இன்பம் தம் வீட்டில் இல்லையே என்று மனம் கசந்து அவர் முடங்கிவிடவில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் தம் பிள்ளைகளாக எண்ணிப் பாடினார்.

எளிமை என்பது எளிதன்று

மாணவிகளே, சின்னச் சின்னச் சொற்களால் பாடியவர் என்பதால் அவருக்குப் பெரிய சொற்கள் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அவர் பழைய கல்வெட்டுகளைப் படித்து ஆராய்ந்த அறிஞர். காந்தளூர்ச் சாலை பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சியை அறிஞர்கள் மதித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்ப் பேரகராதியைச் சென்னைப் பல்கலைக்கழகம் தொகுத்தபோது, அப்பணிக்கு உதவிய புலவர்களில் அவரும் ஒருவர். அத்தனை சொற்களிலிருந்தும் அவர் குழந்தைக்காகத் தேர்ந்தெடுத்தவை எவை? பசு, கன்று, பால், அம்மா, கிளி, காக்கை, கோழி! மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். கற்றதையெல்லாம் காட்டிக்கொள்ளாமல், கேட்பவரின் அளவுக்குக் குனிந்து பேசுவதற்குப் பெரிய உள்ளம் வேண்டும்.

ஆங்கில நூல்களையும் அவர் நன்கு கற்றிருந்தார். புத்தர் பெருமானின் வாழ்க்கையை எட்வின் ஆர்னால்டு எழுதிய ஆங்கில நூலைத் தழுவி, 'ஆசிய ஜோதி' என்ற பெயரில் தமிழில் பாடினார். அந்நூல் 1941இல் வெளிவந்தது. வேள்விக்குப் பலியாகச் செல்லும் ஆட்டு மந்தையில் கால் நொண்டும் குட்டியைப் புத்தர் தம் தோளில் சுமந்து செல்லும் இடத்தைப் படித்துக் கண் கலங்காத பிள்ளை உண்டா? பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமின் பாடல்களும் ஆங்கிலத்தின் வழியாக அவர் கைபட்டு 1945இல் தமிழுக்கு வந்தன.

பெண்களுக்காக அவர் எழுப்பிய குரலை நம் பள்ளி மாணவிகள் சிறப்பாக அறிய வேண்டும். அக்காலத்தில் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி என்றொரு முறை இருந்தது. ஒருவர் இறந்தால் அவருடைய சொத்து அவர் மனைவி மக்களைச் சேராமல், சகோதரியின் பிள்ளைகளைச் சேரும். கணவனை இழந்த பெண்ணும் அவள் குழந்தைகளும் வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியேறும் நிலை வரும். இந்தக் கொடுமையை, அதில் சிக்கிய ஒரு பெண்ணே தன் வாயால் சொல்வது போலச் சிரிப்பும் கண்ணீரும் கலந்து பாடினார். 'மருமக்கள்வழி மான்மியம்' என்ற அந்தப் பாட்டு முதலில் பத்திரிகையில் தொடராக வந்து மக்களைச் சிந்திக்க வைத்தது. திருவிதாங்கூர் அரசு 1926இல் சட்டம் கொண்டுவந்து அந்த முறையை மாற்றியது. சட்டம் வருவதற்குப் பலர் உழைத்தார்கள். அந்த உழைப்பில் ஒரு பள்ளி ஆசிரியரின் பாட்டுக்கும் பங்கு உண்டு.

தென்காசி கண்டெடுத்த செல்வம்

இப்படிப் பாடினாலும் அவர் தம்மைத் தாமே விளம்பரப்படுத்திக்கொண்டவர் அல்லர். தெற்குக் கோடியில் ஒரு சிற்றூரில் அமைதியாக இருந்தார். அவர் பாடல்களைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் நம் ஊர்க்காரர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

அவர்தாம் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். சுருக்கமாக டி. கே. சி. என்பார்கள். தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். சட்டம் படித்தவர், சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராகவும், பின் இந்து அறநிலையத் துறையில் ஆணையராகவும் இருந்தவர். ஆனால் அந்தப் பதவிகளுக்காக அவரை யாரும் இன்று நினைப்பதில்லை. பாட்டை எப்படி அனுபவிக்க வேண்டும் என்று நாட்டுக்குச் சொல்லித் தந்ததற்காகவே நினைக்கிறார்கள்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசினார்கள். அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்று பெயர். பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே வந்து தங்கினார். ராஜாஜி, கல்கி போன்ற பெரியோர் அங்கு வந்து அவர் பேச்சைக் கேட்டு மகிழ்ந்தார்கள். சாரல் காலத்தில் வருபவர்களுக்கு அங்கே இரண்டு அருவிகள்! ஒன்று மலையிலிருந்து விழும். மற்றொன்று அவர் வாயிலிருந்து பொழியும்.

டி. கே. சி. பாட்டைக் கண்ணால் படிப்பதை ஒப்புக்கொள்ளவில்லை. வாய்விட்டுப் பாட வேண்டும். காது கேட்க வேண்டும். ஒரு முறை போதாது, மறுபடியும் பாட வேண்டும் என்பது அவர் கொள்கை. ஒரே பாட்டை மெதுவாக, சொல் சொல்லாக, இரண்டு மூன்று தடவை திருப்பிச் சொல்லும்போது, முதலில் புரியாதிருந்தவர்களுக்கும் அது தானாக விளங்கிவிடும். பெரும் புலவர்களுக்கும் எழுத்தறியாத வண்டிக்காரருக்கும் ஒன்றுபோல இன்பம் தருவதே உண்மையான கவிதை என்று அவர் நம்பினார். பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலேயே கல்வி தர வேண்டும் என்றும் இடைவிடாமல் வற்புறுத்தினார். இத்தகைய ஒருவர் கையில் தேசிக விநாயகம் பிள்ளையின் பாடல்கள் கிடைத்தால் சும்மா இருப்பாரா? போகும் மேடையெல்லாம் பாடினார். நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களிலெல்லாம் புகழ்ந்தார்.

1938இல் 'மலரும் மாலையும்' என்ற தொகுப்பு வெளிவந்தது. 'மழலை மொழி' என்று பிள்ளைகளுக்கான பாடல்களுக்கு அதில் ஒரு தனிப் பகுதியே உண்டு. 1940ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் மாநாட்டில் அவருக்குக் 'கவிமணி' என்னும் பட்டம் சூட்டப்பட்டது. ஒருவர் ரசிகமணி, ஒருவர் கவிமணி. பாடுபவரும் கேட்பவரும் இப்படி அமைவது அரிது.

இருவருடைய நட்பின் ஆழத்தை ஒரு துயரத்திலேதான் காண முடிகிறது. டி. கே. சி.க்கு ஒரே மகன். அறிவும் அழகும் நிறைந்த இளைஞர். அவர் இளம் வயதிலேயே இறந்து போனார். அந்தத் தந்தைக்கு யார் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? புத்தேரியிலிருந்து கவிமணி ஓர் இரங்கற்பா எழுதி அனுப்பினார். பிள்ளையே இல்லாத ஒருவர், பிள்ளையை இழந்தவரின் கண்ணீரைத் துடைக்கப் பாடிய பாட்டு அது. எத்தனையோ பேருக்குப் பாட்டைச் சுவைக்கக் கற்றுக் கொடுத்தவர், அந்தப் பாட்டைப் பற்றிக்கொண்டே தம் துயரைத் தாங்கினார். கவிதை பொழுதுபோக்குக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1954ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் டி. கே. சி. மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் கவிமணியும் மறைந்தார். ஏழு மாத இடைவெளியில் இரு நண்பர்களும் போய்ச் சேர்ந்தார்கள். அவர் பிறந்த நாஞ்சில் நாடும், நமக்கு அண்டையிலுள்ள செங்கோட்டையும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தன. பள்ளியில் தமிழ் கற்க இயலாமல் துறவியைத் தேடிப் போன சிறுவனுடைய பாட்டை அந்நாட்டுப் பிள்ளைகள் தமிழ் வகுப்பிலேயே பாடும் காலம் வந்தது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

இனி, முதலில் சொன்ன தாயின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு நான் சொன்ன விடை 'மலரும் மாலையும்' என்பதே. பிள்ளைப் பாடல்கள் மட்டும் வேண்டுமென்றால் 'குழந்தைச் செல்வம்' என்ற நூல் இருக்கிறது. இரண்டையும் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எப்படி வாசிப்பது? டி. கே. சி. காட்டிய வழியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இரவு உணவு முடிந்தபின் பிள்ளையை மடியிலோ பக்கத்திலோ அமர்த்திக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுப் போதும். பசுவும் கன்றும் பாட்டையே எடுத்துக்கொள்வோம். மெதுவாக வாய்விட்டுப் படியுங்கள். தாய்ப்பசு கன்றை நாவால் நக்கும் இடம் வரும்போது பிள்ளையின் தலையைத் தடவிக் கொடுங்கள். பொருள் விளக்கமே வேண்டாம். மீண்டும் ஒரு முறை படியுங்கள். மூன்றாம் முறை, அடியின் கடைசிச் சொல்லை நீங்கள் சொல்லாமல் நிறுத்துங்கள். பிள்ளை அதைத் தானே சொல்லும். அந்தச் சொல் வாயிலிருந்து வரும்போது அதன் முகத்தைப் பாருங்கள்!

கதை கேட்கும் ஆசையுள்ள பிள்ளைக்கு ஊகமுள்ள காகத்தின் கதைப்பாட்டு உண்டு. சற்று வளர்ந்த பிள்ளைக்கு ஆட்டுக்குட்டியைச் சுமந்த புத்தரின் கதை உண்டு. சிரிக்க வேண்டுமா? தம் உடம்பில் சிரங்கு வந்து வருந்திய காலத்தில் அந்தச் சிரங்கையே பொருளாக வைத்து அவர் பாடிய வேடிக்கைப் பாட்டும் உண்டு. நோயிலும் சிரிக்கத் தெரிந்த மனிதர்! இவ்வாறு நான்கு வயதில் தொடங்கிய பிள்ளை பதினான்கு வயது வரை ஒரே கவிஞரோடு வளரலாம்.

படிக்கத் தெரியாத பெற்றோர் தயங்க வேண்டியதில்லை. நம் வட்டாரத்தில் எத்தனையோ தாய்மார்கள் மாலை முழுவதும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவர்கள் கைக்கு ஓய்வில்லை; காதுக்கு வேலையில்லை. மாணவிகளே, அங்கேதான் உங்கள் கடமை இருக்கிறது. அம்மாவின் பக்கத்தில் அமர்ந்து நீங்கள் வாசியுங்கள். தம்பியும் தங்கையும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்வார்கள். நீங்கள் ஒரு பாட்டு வாசித்தால், அம்மா தம் பாட்டி பாடிய தாலாட்டு ஒன்றை நினைத்துப் பாடக்கூடும். அதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

கேள்வி கேட்ட அந்தத் தாய் இந்த ஆண்டும் வந்திருந்தார். நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தபோது மகள் விட மறுத்து அழுதாளாம். அதனால் சொந்தமாக ஒரு பிரதி வாங்கிவிட்டார்களாம். இப்போது புத்தகத்தைத் திறக்காமலேயே பல பாடல்கள் தமக்கு வந்துவிடுகின்றன என்று அவர் சொன்னபோது, முன்பு பார்த்த கூச்சம் அவர் முகத்தில் இல்லை. மகளுக்காக வாசிக்கத் தொடங்கியவர், தம்மையறியாமலே தமிழ் வாசிக்கப் பழகிவிட்டார்.

பிள்ளையில்லாத ஓர் ஆசிரியர் எத்தனையோ பிள்ளைகளுக்கு விட்டுச்சென்ற செல்வம் அது. தென்காசியில் ஒருவர் அதைக் கண்டெடுத்து நமக்குக் காட்டினார். இன்றிரவே அதைத் திறந்து வாசிப்போமா?